குழந்தையைப் பற்றிய கேள்வி கடைசியில்தான்

தலைப்பிரசவத்துக்கு நம் ஊர்களில் எழுதாத ஏற்பாடு ஒன்று உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். பிரசவம் அங்கே, பத்தியம் அங்கே, பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் அங்கே. பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரிந்த கிழவி ஒருத்தி அந்தத் தெருவில் இருப்பாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் புருஷன் வீட்டில் கொண்டுவிடுவார்கள். அந்தத் தாய்வீட்டுக் கதவு சாத்தப்பட்டவளுக்கு, அல்லது அதைத் தட்டவே பயப்படுகிறவளுக்கு, அதே வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத் திமிரியை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

திமிரி, ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் உள்ள பேரூர். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. சுற்றிலும் நெல்லும் கரும்பும். கொஞ்ச தூரத்தில் தோல், காலணிக் கம்பெனிகள். நாம் பேசும் பெண், கம்பெனி வேனில் போய் காலணியின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கிறவளாக இருக்கலாம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கிறவளாக இருக்கலாம். கட்டிக்கொள்கிறேன் என்றவன் போனை எடுக்காமல் போனவள், குடித்துவிட்டு வந்து வயிற்றில் உதைக்கிறவனிடமிருந்து தப்பி வந்தவள், சாதி மாறிக் கட்டிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் ஆகாதவள், புருஷன் செத்தபின் மாமியார் வீட்டில் இடமில்லாமல் போனவள், பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பெண். இவர்கள் எல்லோருக்கும் ஒரே வழிமுறை பொருந்தாது, வரிசை பொருந்தும். முதலில் பயமில்லாத ஓர் இரவு. அப்புறம் உடம்பு, காகிதம், பிரசவம். பிள்ளையை என்ன செய்வது என்பது அதற்கும் பின்னால். உதவ வருகிற நல்லவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். "யாரு காரணம்?", "புள்ளைய இன்னா பண்ணப் போற?" என்ற இரண்டு கேள்வியும் வாசலிலேயே வந்து விழுந்துவிடும்.

முதலில் அவளைப் பார்ப்பவர் அதிகாரியாக இருப்பது அபூர்வம். கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி டீச்சர், வேனில் பக்கத்தில் உட்காருகிற பெண், இவர்களில் ஒருவர்தான். செய்ய வேண்டியது 181-ஐ அழைப்பது. பெண்களுக்கான இந்த உதவி எண் தமிழ்நாட்டில் 2018 டிசம்பரிலிருந்து நாள் முழுக்க இயங்குகிறது. வயது பதினெட்டுக்குக் கீழ் என்றால் 1098. ரத்தம் போகிறது, பனிக்குடம் உடைந்துவிட்டது, தலைவலியோடு கண் மங்குகிறது, முகம் வீங்கியிருக்கிறது, வலிப்பு வந்தது, பிள்ளை அசைவு குறைந்துவிட்டது என்றால் வேறு எந்த எண்ணும் வேண்டாம், 108தான். கதை கேட்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்கலாம்.

181 வழியாக அவள் போய்ச் சேருவது 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம்; இப்போது மாவட்டந்தோறும் உண்டு. இங்கே சமூக நலத்துறையின் பொறுப்பு. ஆலோசகர், காவல் உதவி, சட்ட உதவி, மருத்துவ உதவி, சாப்பாடு, படுக்கை எல்லாம் ஓரிடத்தில். போலீசில் புகார் எழுதிக் கொடுத்தால்தான் படுக்கை என்பது கிடையாது. இதை அழைத்துப் போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் "கேஸ் ஆகிடுமா?" என்ற பயத்தில் பாதி வழியில் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

முதல் இரவு கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். சாப்பிட்டாயா, எங்காவது வலிக்கிறதா, நீ இங்கே இருப்பது யாருக்குத் தெரியும். மூன்றாவது கேள்விக்காகவே அவளிடம் சொல்லிவிட்டுச் செல்போனையும் பார்க்க வேண்டும். அவள் இருப்பிடம் புருஷன் போனுக்குத் தானாகவே போய்க்கொண்டிருக்கலாம். அவனிடம் அவளுடைய கூகுள் கணக்கின் கடவுச்சொல் இருக்கலாம். போனைப் பிடுங்கி வைக்கிற இல்லங்கள் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிபட்ட வீட்டில் அவளிடமிருந்து முதலில் பிடுங்கப்பட்டதும் பெரும்பாலும் போன்தான். அவளை அருகில் வைத்துக்கொண்டு இருப்பிடத்தை அணைத்து, கடவுச்சொல்லை மாற்றிக் கையிலேயே கொடுத்துவிடலாம்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ சித்தப்பா, ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர் என்று நாலு பேர் வருவார்கள். சமாதானம் பேச என்றுதான் சொல்வார்கள். பார்ப்பதா இல்லையா என்பதை அவள் முடிவு செய்யட்டும். பார்த்தால் ஊழியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். சாதி மாறிய திருமணம் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். இப்படிப்பட்டவர்களின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் காவல்துறையில் தனிப் பிரிவு அமைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. அந்தப் பிரிவில் எழுத்து மூலமாக ஒரு மனு கொடுத்து வைப்பது நல்லது.

அடுத்து உடம்பு. கடைசி மாதவிடாய்த் தேதி அவளுக்கு நினைவில்லை என்றால் ஸ்கேன்தான் வாரத்தைச் சொல்லும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் பரிசோதனைகளோடு ஹீமோகுளோபின். 11-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழ் என்றால் ஆபத்தான சோகை. மறைத்துக்கொண்டே ஏழு மாதம் ஓட்டியவள் இரும்புச்சத்து மாத்திரையைப் பார்த்தே இருக்கமாட்டாள். வயிறு தெரியாமலிருக்கச் சாப்பாட்டைக் குறைத்தவளும், துணியை இறுக்கிக் கட்டியவளும் இருப்பார்கள். திட்டுவதற்கு நர்ஸம்மாவுக்கு வாய் வரும்; அன்றைக்கு அடக்கிக்கொள்ள வேண்டும். திட்டு வாங்கியவள் அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டாள்.

நான் சொன்ன வரிசைக்கு இந்த இடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வி மட்டும் காத்திருக்காது. சட்டம் அதை வாரக் கணக்கில் பார்க்கிறது. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்துக்கு 2021-இல் வந்த திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பமாக இருக்கையில் விதவையானவர்கள், மணமுறிவு ஆனவர்கள் என்று சில பிரிவினருக்கு மட்டும். திருமணமாகாத பெண்ணை அந்தப் பிரிவுக்கு வெளியே நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் தீர்ப்புச் சொன்னது. 18 வயது நிரம்பியவளுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தையோ அப்பா கையெழுத்தையோ சில ஆஸ்பத்திரிகள் கேட்கும், சட்டம் கேட்கவில்லை. ஆலோசகர் இதை ஒருமுறை தெளிவாக, எந்தப் பக்கமும் தள்ளாமல் சொல்ல வேண்டும். சொல்லாமல் நாளைக் கடத்துவதும் ஒரு பக்கம் தள்ளுவதுதான்.

பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பாதை வேறு. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி விஷயம் தெரிந்தவர் எவரும் தெரிவித்தாக வேண்டும். அவளே விரும்பிப் போனாள் என்பதோ, தாலி கட்டிவிட்டார்கள் என்பதோ இதை மாற்றாது. அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துப் போவார்கள். எங்கே தங்குவது என்பதை அந்தக் குழுதான் சொல்லும். பெரியவர்களுக்கான இல்லத்தில் அவளைச் சேர்க்கக் கூடாது.

சகி மையத்தில் தங்கல் ஐந்து நாள் அளவுக்குத்தான். அதற்குள் நீண்டகால இல்லம் பார்க்க வேண்டும். முன்பு 'ஸ்வதார்' என்று இருந்தவை இப்போது மிஷன் சக்தி திட்டத்தில் 'சக்தி சதன்' ஆகியிருக்கின்றன. அரசு சேவை இல்லங்களும், தொண்டு நிறுவனங்களும் துறவு சபைகளும் நடத்தும் இல்லங்களும் உண்டு. குடும்ப வன்முறை என்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு கைகொடுக்கும்: பாதிக்கப்பட்டவளோ அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் தங்கும் இல்லம் இடம் கொடுத்தாக வேண்டும்.

இடம் கிடைப்பது ஒன்று, அது கர்ப்பிணிக்கு ஏற்ற இடமாக இருப்பது வேறு. இந்த இல்லங்கள் பொதுவாகப் பெண்களுக்கானவை; ஒன்பது மாத வயிற்றோடு இருப்பவளை மனத்தில் வைத்துக் கட்டியவை அல்ல. அனுப்புமுன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். படுக்கை கீழ்த்தளத்தில் இருக்கிறதா? கழிப்பறைக்கு இரவில் படியேறிப் போக வேண்டுமா? அதிகாலை இரண்டு மணிக்கு வலி எடுத்தால் யார் எழுந்து வருவார், வாசல் பூட்டின் சாவி யாரிடம்? அறுவைச் சிகிச்சையும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? திமிரிப் பக்கத்திலிருந்து வாலாஜாபேட்டை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் வேலூர் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரிக்கும் போகிற வழியை இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது வீண் வேலையல்ல. இன்னொரு கேள்வியை இல்லத்துக்காரர்கள் விரும்பமாட்டார்கள், நான் கேட்பேன். பிரசவத்துக்குப் பிறகும் இங்கேயே திரும்பி வரலாமா? ஆஸ்பத்திரிக்குப் போனதோடு கணக்கு முடிந்தது என்று பெயரை அடித்துவிடுகிற இல்லத்துக்குக் கர்ப்பிணியை அனுப்பக் கூடாது.

காகித வேலை சலிப்பானது, ஆனால் காசு அதில்தான் இருக்கிறது. முதலில் கர்ப்பப் பதிவு எண். பிக்மி எண் என்றால் எல்லோருக்கும் தெரியும். செவிலியரே பதிந்துவிடுவார். பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய். 19 வயது நிரம்பியவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு. பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அவளுடைய பழைய கணக்கின் ஏ.டி.எம். அட்டை புருஷனிடமோ அண்ணனிடமோ இருந்தால், வேறு வங்கியில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இதை மறந்தால் அரசின் உதவி நேராக அவளை அடித்தவன் கைக்குப் போகும்.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அந்த எண்ணைத் தேடி எடுங்கள். வேலைக்குப் போவது நின்றுவிட்டது, இனி ஒன்றும் வராது என்று அவளாகவே முடிவுகட்டியிருப்பாள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பங்களிப்பு கணக்கில் இருந்தால் 26 வாரத்துக்கு மகப்பேறு பணப்பயன் கேட்க வழியுண்டு. கர்ப்ப விடுப்பில் இருப்பவளை அந்தக் காரணத்தாலேயே வேலையை விட்டு எடுக்கவும் முடியாது. வீட்டில் அப்பர் தைத்தவளுக்கு இதெல்லாம் இல்லை. அவள் தைத்த செருப்பு ஐரோப்பாவுக்குப் போயிருக்கும். அவள் பெயர் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது.

பிரசவத்துக்குப் பை ஒன்றை எட்டாம் மாதமே கட்டி வைத்துவிட வேண்டும்: தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், பழைய பருத்திப் புடவை, நைட்டி, நாப்கின், பிள்ளைக்குத் துணி, பிளாஸ்க். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், அறுவை, மருந்து, உணவு, வீடு திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். பணத்தைவிடப் பெரிய பிரச்சினை கூட நிற்க ஆள். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்க நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதி உண்டு. இல்லத்திலிருந்து அவளுக்குப் பழகிய ஒருத்தி போக வேண்டும், அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர் என்று யாரோ ஒருவர் அல்ல. படிவத்தில் கணவர் பெயர் கேட்பார்கள். என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே அவளோடு பேசி வைத்துக்கொள்ளலாம். பொய்ப் பெயர் எழுத வேண்டிய அவசியமில்லை. மணமாகாத தாய் கேட்டால் தகப்பன் பெயர் இல்லாமலே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் சொல்லிவிட்டது. பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம்.

வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு மாமியார், நாத்தனார் என்று கூட்டம் வரும். "உனக்கு யாரும் வரலியா?" என்பார்கள். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் பிரசவ வலியைவிட இந்தக் கேள்விதான் வலித்தது என்பாள். துணைக்கு வந்தவள் அக்கா என்றோ அத்தை என்றோ சொல்லிக்கொள்ளட்டும். இதில் ஒரு பாவமும் இல்லை. பிள்ளையைக் கொடுத்துவிடுவதாக முன்பு பேசியிருந்தாலும் பிள்ளையை அவளிடமிருந்து மறைக்கக் கூடாது. மடியில் திணிக்கவும் கூடாது. பார்க்கவா, தூக்கவா, பால் கொடுக்கவா என்பதை வேளைக்கு வேளை அவளே சொல்லட்டும்.

திரும்பி வந்ததும் ஆறு வாரம் மிக முக்கியமானது. பத்தியம் அவள் ஊர் வழக்கப்படி இருக்கட்டும். பூண்டும் முருங்கைக்கீரையும் கருவாடும் கிடைத்தால் பாதி ஊர் கிடைத்தது. மனத்தைப் பற்றித் திமிரிக்கு அக்கம்பக்கத்திலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் சி.எம்.சி. என்ற கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை அந்தச் சோர்வோடு சேர்ந்திருந்தன. இவற்றில் பாதிக்கு மேல் இல்லத்துக்கு வருகிறவளிடம் வரும்போதே இருக்கின்றன. எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாளைத் தமிழில் சரிபார்த்ததும் இதே வேலூர்தான். ஆறாம் வாரம் அவளை உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டி நிரப்ப வேண்டும். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவர். இரவென்றால் 14416, டெலி மானஸ். இரண்டு மூன்று நாள் தூங்காமல், யாரோ பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று பேசத் தொடங்கினால் அது சோர்வு அல்ல. அவசர சிகிச்சை வேண்டிய வேறு நோய். மந்திரிக்க அழைத்துப் போகிற நேரத்தில் வேலூர் பாகாயத்தில் உள்ள மனநல மையத்துக்குப் போய்விடலாம்.

இப்போதுதான் அந்தக் கேள்வி. கருக்கலைப்பைப் பற்றிய முடிவு போல இதற்கு அவசரமில்லை. சட்டமே அவகாசம் வைத்திருக்கிறது. பிள்ளையை வளர்க்க முடியாது என்று அவள் முடிவு செய்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். குழு விசாரிக்கும், ஆலோசனை தரும், அதன் முன்னிலையில் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து. மணமாகாதவள் என்றால் அவள் கையெழுத்து போதும். தம்பதி என்றால் இருவரும் போட வேண்டும். கையெழுத்துப் போட்டபின் இரண்டு மாதம் வரை மனம் மாறலாம், பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிப்பார்கள்.

இந்த இரண்டு மாதத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று சட்டம் கேட்கவில்லை. மறுபரிசீலனைக்கு உரிமை கொடுத்துவிட்டு, யோசிக்க ஒரு கூரை கொடுக்காவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான். ஆகவே ஏழாம் மாதம் வருகிறவளுக்கு ஐந்தாறு மாத இடம் என்று கணக்குப் போட்டே சேர்க்க வேண்டும். அவசரப்படுத்துகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். பிள்ளை இல்லாத நல்ல குடும்பம், ஆஸ்பத்திரிச் செலவு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கடனும் அடைந்துவிடும் என்று யாராவது வருவார்கள், சில நேரம் வெள்ளைக் கோட்டோடு. 2019-இல் ராசிபுரத்தில் வெளியான குழந்தை விற்பனை வழக்கில் மாட்டியவர்களில் ஓய்வுபெற்ற செவிலியரும் உண்டு. விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் அபராதமும். குழுவைத் தாண்டிக் கைமாறுகிற எந்தப் பிள்ளையும் தத்துப் பிள்ளை அல்ல.

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அது பிள்ளைக்குத் தொட்டில் வைத்தது, பெற்றவளுக்குக் கட்டில் போடவில்லை. அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முந்தி, 1863-இல், ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் கர்ப்பிணி விதவைகளுக்கென ஓர் இல்லம் திறந்தார்கள். ரகசியமாக வந்து பத்திரமாகப் பெற்றுக்கொள்ளலாம். பிள்ளையை எடுத்துப் போவதோ விட்டுப் போவதோ உங்கள் விருப்பம் என்று ஊரில் அறிவிப்பு வைத்தார்கள். 1874-இல் அப்படி வந்த காசிபாயின் மகன் யஷ்வந்தை அவர்களே தத்தெடுத்தார்கள். அவர் பின்னாளில் மருத்துவரானார். இடம் முதலில், முடிவு அவளுடையது, அதுவும் பின்னால். வரிசை அப்போதே சரியாக இருந்திருக்கிறது.

கிளம்பும் கட்டம். சிலர் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கே போவார்கள். ஏழு மாதம் முகம் பார்க்காத பாட்டி, பேரப்பிள்ளையைப் பார்த்ததும் இளகுவதும் நடக்கிறதுதான். அதை நம்பி அனுப்பாமல், முன்னதாக ஒருமுறை ஆலோசகர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரட்டும். புருஷன் வீட்டில் இருக்க விரும்பினால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வசிப்பிட உத்தரவும் பாதுகாப்பு உத்தரவும் வாங்கிக்கொண்டு போகட்டும். கம்பெனிக்குத் திரும்புகிறவள் கேட்க வேண்டியது குழந்தைக் காப்பகம்; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்று வேனில் வருகிற பெண்களிடம் விசாரித்தால் உண்மை தெரியும், மேனேஜரிடம் விசாரித்தால் அறை தெரியும்.

பிள்ளைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் இல்லத்திலேயே முடிந்திருக்கும். ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா ஊசி பாக்கி. அவள் போகிற ஊர்ச் செவிலியருக்குப் பதிவு எண்ணைச் சொல்லி, அவர் எண்ணை இவள் போனில் ஏற்றிவிட வேண்டும். என்ன காரணத்தால் இல்லத்தில் இருந்தாள் என்பது அந்தச் செவிலியருக்குத் தேவையில்லாத விஷயம். ஊசித் தேதி போதும்.